பேட்டரி லைட் எரிஞ்சா பேட்டரிய மாத்தாதீங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கார் மீட்டர் போர்டுல பேட்டரி படம் போட்ட செவப்பு லைட்டு ஒன்னு இருக்கே, அதப்பத்தி பேசச் சொல்லிருக்காங்க. அது எரிஞ்சதும் நேரா பேட்டரி கடைக்குப் போயி ஆயிரக்கணக்குல குடுத்து புதுசு மாட்டிட்டு வர்றவங்க நெறைய பேரு, அடுத்த நாளே அந்த புது பேட்டரியும் டவுனாகி வண்டி நடுரோட்டுல நிக்கும், அப்புறம் கடைக்காரரத் திட்டிக்கிட்டே நம்மள மாதிரி எலக்ட்ரீஷியன்கிட்ட வருவாங்க. படம்தான் பேட்டரி, ஆனா அந்த லைட்டு சொல்றது சார்ஜ் ஏறலங்குறதத்தான். சார்ஜ் ஏத்துறது ஆல்டர்னேட்டர், பழைய ஆளுங்க டைனமோன்னுதான் சொல்லுவாங்க.

அந்த பல்போட ஒரு முனைக்கு சாவி போட்டதும் பேட்டரி கரண்ட் வந்துரும், இன்னொரு முனை ஆல்டர்னேட்டருக்குப் போகுது. இன்ஜின் ஓடாதப்ப ஆல்டர்னேட்டர் பக்கம் வோல்ட்டேஜ் இல்ல, அதனால பல்பு வழியா கரண்ட் பாஞ்சு எரியுது. இன்ஜின் ஓட ஆரம்பிச்சு அந்தப் பக்கமும் அதே வோல்ட்டேஜ் வந்துட்டா பாயுறதுக்கு வழியே இல்ல, அணைஞ்சிரும். அவ்வளவுதான் விஷயம். புது வண்டில இதையே கம்ப்யூட்டர் பாத்துக்குது. அதனால சாவி போட்டதும் இந்த லைட்டு எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். சாவி போட்டும் எரியவே இல்லன்னா நிம்மதியா இருந்துறாதீங்க, பழைய வண்டில அந்த பல்பு வழியா போற கரண்ட்டுதான் ஆல்டர்னேட்டரையே எழுப்பி விடுது, பல்பு ஃபியூஸ் போனா சார்ஜும் சரியா ஏறாது.

ஓட்டிட்டு இருக்கும்போது எரிஞ்சா என்ன பண்றது? ஸ்டியரிங் திடீர்னு கனமாச்சா, ஹீட் முள்ளு ஏறுதான்னு பாருங்க. லைட்டோட சேந்து இதுவும் நடந்தா ஆல்டர்னேட்டர சுத்துற பெல்ட் அறுந்துருச்சுன்னு அர்த்தம், நெறைய வண்டில அதே பெல்ட்டுதான் வாட்டர் பம்ப்பையும் சுத்துது, உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க, இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு ஓட்டுனா சூடு ஏறி, இன்ஜின் தலைக்கு அடில இருக்குற ஹெட் கேஸ்கெட்டுங்குற சீலு போயிரும். லைட்டு மட்டும்தான் எரியுதுன்னா ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாத்தையும் நிறுத்திட்டு பக்கத்துல உள்ள மெக்கானிக்கிட்ட போங்க, நடுவுல டீ குடிக்க நிறுத்தி இன்ஜின ஆஃப் பண்ணிறாதீங்க, திரும்ப செல்ஃப் அடிக்குமான்னு சொல்ல முடியாது. சின்ன கார்ல 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி இருக்கும், பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஹெட்லைட் எல்லாம் சேந்து 20 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சா கணக்குப்படி ஒன்னேமுக்கா மணி நேரம், நிஜத்துல அதுல பாதிய நம்பலாம். பழைய அம்பாசிடர் டீசல் மாதிரி மெக்கானிக்கல் பம்ப் வண்டியா இருந்தா ஓடிட்டு இருக்குற இன்ஜின் சார்ஜ் இல்லாமயே வீடு வரைக்கும் போயிரும், அந்த காலம் போச்சு.

இப்ப கண்டுபிடிக்கிற வேலை. சில நூறு ரூவாய்க்கு வோல்ட்டேஜ் அளக்குற மல்டிமீட்டர் ஒன்னு வாங்கி வெச்சுக்கங்க. வண்டி ராத்திரி பூரா நின்ன பெறகு பேட்டரில 12.6 வோல்ட் இருந்தா ஃபுல், 12.2 வந்தா பாதி. ஸ்டார்ட் பண்ணா 13.8லருந்து 14.5 வரைக்கும் காட்டணும். லைட்டும் எரிஞ்சு மீட்டரும் 12.3, 12.2ன்னு எறங்கிட்டே போனா சார்ஜ் இல்ல. 15ஐ தாண்டுனா வோல்ட்டேஜ கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி கொதிச்சு அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும். சில புது வண்டில கம்ப்யூட்டரே வேணும்னே கொறைச்சு ஏத்தும், லைட் எரியாம 13க்கு கீழ காட்டுனா பதறாதீங்க.

ஆல்டர்னேட்டர கழட்டுறதுக்கு முன்னாடி பேட்டரி டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கான்னு பாருங்க. சுடுதண்ணி ஊத்தி தேச்சு சுத்தம் பண்ணுங்க, ஆனா மொதல்ல மைனஸக் கழட்டணும், மாட்டும்போது கடைசியா மைனஸ், இல்லன்னா ஸ்பேனர் பாடில பட்டு தீப்பொறி பறக்கும். அடுத்து இன்ஜின் ஓடும்போதே மீட்டரோட ஒரு முனைய பேட்டரி ப்ளஸ்லயும் இன்னொன்ன ஆல்டர்னேட்டரோட தடிச்ச வயர் மாட்டுற போல்ட்டுலயும் வைங்க, பெல்ட்டுல கை படாம. அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தா கோளாறு வயர்ல, ஆல்டர்னேட்டர்ல இல்ல. இத பாக்காமலே எத்தனையோ நல்ல ஆல்டர்னேட்டர மாத்திருக்காங்க.

ஆல்டர்னேட்டர் உள்ள என்ன போகும்னா பெரும்பாலும், சுத்துற பாகத்துல உரசிக்கிட்டே கரண்ட் குடுக்குற கார்பன் பிரஷ், பள்ளத்துல விழுந்து எந்திரிக்கும்போது லைட்டு மினுக்கி மினுக்கி அணைஞ்சா அதான். லைட்டு மங்கலா எரிஞ்சு, காலைல பேட்டரி டவுனாவும் இருந்தா கரண்ட ஒரே பக்கமா மட்டும் விடுற டயோடு மேல சந்தேகப்படுங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னைல தண்ணில நின்ன வண்டிங்க மாதிரி ஆனா சேறு பேரிங்குலயும் பிரஷ்லயும் பூந்துரும், நெறைய வண்டில ஆல்டர்னேட்டர் இன்ஜினுக்கு கீழாக்கதான இருக்கு.

ஒன்னு மட்டும் பண்ண விடாதீங்க. சார்ஜ் ஏறுதான்னு பாக்க ஓடுற இன்ஜின்ல பேட்டரி வயர உருவி பாக்குறது. அந்த காலத்து வண்டில அப்படி பாப்பாங்க, இப்ப பண்ணா வோல்ட்டேஜ் எகிறி கம்ப்யூட்டரயே அடிச்சிரும், அது ஆல்டர்னேட்டர விட பல மடங்கு செலவு. ரிப்பேர் முடிஞ்சதும் சுத்தமா டவுனான பேட்டரிய தனி சார்ஜர்ல ஒரு ராத்திரி போட்டு ஏத்திட்டு அப்புறம் மாட்டுங்க, காலி பேட்டரிய ஆல்டர்னேட்டர் தலைல கட்டுனா இப்பதான் சரி பண்ணது மறுபடி சூடாகி போயிரும்.