செப்புத் திருமேனியில் பச்சைத் தூள்: பேழைக்குள் ஈரத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி?

[காட்சி: கண்ணாடிப் பேழைக்குள் செப்புத் திருமேனி. பீடத்தின் ஓரம் அருகில் தெரிகிறது.]

பீடத்து ஓரத்தில் மாவு போல உதிர்ந்து கிடக்கும் இந்த வெளிர்பச்சைத் தூளைப் பாருங்கள். செம்பின்மேல் காலப்போக்கில் படியும் நல்ல களிம்பு கெட்டியாக, வழவழவென்று உலோகத்தோடு ஒட்டி நிற்கும். இப்படி உதிராது. இது வெண்கல நோய், அதாவது செம்பையும் செம்புக் கலவைகளையும் அரிக்கும் வினை.

மண்ணில் புதைந்து கிடந்த காலத்தில் உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, குப்ரஸ் குளோரைடாக உள்ளே தங்கிவிடுகிறது. ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அது பச்சைத் தூளாகப் பொங்கும். அப்போது உண்டாகும் அமிலம் அடுத்திருக்கும் செம்பையும் அரிக்கும். ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இப்போது இருக்கும் பங்கு, 42 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வினை பெரும்பாலும் அடங்கும். 55-ஐத் தாண்டினால் வேகமெடுக்கும். சென்னையில் 70 சர்வசாதாரணம்.

[காட்சி: மாலையில் ஏசி அணைகிறது, கதவு திறக்கிறது.]

பகலில் மட்டும் ஓடும் ஏசி இன்னும் ஆபத்து. நாள் முழுக்கக் குளிர்ந்து 24 டிகிரியில் இருக்கிறது சிலை. வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். அந்தக் காற்று சிலைமேல் பட்டதும், அங்கே ஈரப்பதம் ஏறக்குறைய 100-ஐத் தொடும். சிலை வியர்க்கும். மின்செலவை மிச்சம் பிடிக்கப் போய்ச் சிலையை நனைக்கிறோம்.

அதனால் அறையைவிடப் பேழையைக் கவனிப்பதே மேல். 1 கன மீட்டர் பேழைக்குச் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை, உலர்ந்ததாகச் சுமார் 20 கிலோ, அடித்தட்டில் பரப்பி வையுங்கள். ஈரம் ஏறியதும் 110 டிகிரி மின் அடுப்பில் (ஓவன்) காய வைத்து மறுபடி போடலாம். நீல நிற ஜெல் வேண்டாம், அதிலுள்ள கோபால்ட் நச்சு. இடுக்குகளை அடைக்கும் சிலிகான் வினிகர் வாடை அடித்தால் அதுவும் வேண்டாம். அது அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும் அப்படித்தான். ஓலைச்சுவடியையோ மரச்சிற்பத்தையோ இதே பேழையில் வைத்தால் காய்ந்து வெடிக்கும்.

ஈரமானியை நம்புவதற்கு முன் சோதியுங்கள். சமையல் உப்பைக் கொஞ்சம் நீரில் கூழாகக் குழைத்து, மானியோடு ஒரு டப்பாவில் மூடி ஒரு நாள் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் 5 கழித்துப் படியுங்கள்.

[காட்சி: பீடத்தின் கீழ் கறுப்புத் தாள்.]

தூள் கண்டால் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மென்தூரிகையால் தட்டிவிட்டு, கீழே கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் பாருங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் நோய் உயிரோடு இருக்கிறது. சிலையை உலர் பேழைக்கு மாற்றிவிட்டு, வேதியியல் பாதுகாப்புக் கூடத்துக்குத் தெரிவியுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் அப்படியொரு கூடம் இருக்கிறது.