எழுவான் வெளிச்சத்தைச் சேர்த்து வைப்போம்

எங்கள் வாசிகசாலை ஆண்டு விழாவில், கோயில் மண்டபத்தில் நான் பேசியதை எழுத்தில் தரச் சொல்லிப் பலர் கேட்டார்கள். பேசினபடியே தருகிறேன்.

சபைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஆலய வண்ணக்கர்மாரே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் அம்மா அவர்களே, அதிபர் ஐயா, மௌலவி அவர்களே, மாதர் சங்கத்துத் தாய்மாரே, தம்பி தங்கைமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

பெயருக்கு ஒரு வணக்கத்தோடு தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஐயாமார் மண்டபத்துக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. அதிபர் ஐயா ஐந்தாம் வகுப்பில் எனக்குப் படிப்பித்தவர், அவர் இல்லாவிட்டால் நான் இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன். மௌலவி அவர்கள் அந்தக் காலத்தில் பாதை என்கிற மிதவையில் ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடந்து வந்தார், 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் வருகிறார், எங்கள் ஊர் நல்லது கெட்டது ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. செயலக அம்மாவுக்கு இன்று இன்னும் இரண்டு கூட்டம் இருக்கிறதாம். இருந்தும் கடைசிவரை இருப்பேன் என்று சொல்லியிருக்கிறார். நன்றி அம்மா.

சரி, கரண்டைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன். ஒன்று நிலக்கரி, இரண்டு காற்றாலை, மூன்று சேமிப்பு.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். களவெட்டியில் சுளகோடு நின்ற ஆட்களுக்கு அது பழமொழி இல்லை, வேலை. காற்று வராவிட்டால் நெற்பொலிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக் கிடப்போம், நடுச்சாமத்தில் அது எழும்பினாலும் எழும்பித் தூற்றுவோம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது முழுக்க அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

முதலில் நிலக்கரி. புத்தளம் பக்கத்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று, மொத்தம் 900 மெகாவாட். 2011இல் முதலாவது ஓடத் தொடங்கியது. அதற்கான நிலக்கரி எல்லாம் கப்பலில் வருகிறது, டொலர் கொடுத்து வாங்குகிறோம். நிலக்கரியில் ஒரு யூனிட் கரண்ட் எடுத்தால் 800 கிராமுக்கு மேல் காபனீரொட்சைட்டு ஆகாயத்துக்குப் போகிறது. கூரையில் போடும் சூரியத் தகட்டுக்கு, அதைச் செய்வது தொடங்கிக் கழிப்பது வரை எல்லாக் கணக்கும் சேர்த்தாலும் யூனிட்டுக்கு 40, 50 கிராம்தான். தொழிற்சாலைக் காலத்துக்கு முன் காற்றில் மில்லியனுக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், அது இறங்கும்போது கொட்டித்தான் இறங்கும். 2011 ஜனவரியில் பெரும்போக நெல் வெட்டுகிற பருவத்தில் மழை கொட்டியதை இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை. வயல்வட்டை எது, ஆறு எது என்று தெரியாமல் கிடந்தது. ஒரு தனி வெள்ளத்தை ஒரு தனிப் புகைபோக்கியின் தலையில் கட்ட முடியாது, அதுவும் உண்மை. ஆனால் அப்படியான மழை அடிக்கடி வரும் வழியைத் திறந்துவிடுவது இந்தப் புகைதான்.

"நாங்களா மாஸ்டர் உலகத்தைச் சூடாக்கினது?" என்று போன கிழமை ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. நாங்கள் இல்லை மகள். இலங்கையில் ஆளுக்கு வருடம் ஒரு தொன் காபனீரொட்சைட்டு அளவில்தான் விடுகிறோம், உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல். ஆனால் வெள்ளம் யார் வீட்டுக்குள் வருகிறது? அதனால்தான் எங்களுக்கு அவசரம்.

இப்போது ஒரு கதை சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்கள். தங்கச்சியின் மகனுக்கு ஆறு வயது, இழுப்பு வருத்தம், ஆஸ்துமா. வீட்டில் ஆவி பிடிக்கிற மெசின் இருக்கிறது, அது கரண்டில் ஓடுவது. பின்னேரம் ஐந்து மணி இருக்கும், பிள்ளைக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் ஓட்டோக்காரத் தம்பியிடம் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை, அவன் விடிய விடிய வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தவன். அப்போதுதான் நினைவு வந்தது, ஊரில் ஒரு வீட்டுக் கூரை நிறையத் தகடு போட்டிருக்கிறார்கள், வெயிலும் இன்னும் இறங்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மெசினையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். வீட்டுக்காரர் நல்ல மனிதர், கதவைத் திறந்து கண் கலங்க நின்றார். "கூரையில வெயில் காயுது தம்பி, உள்ளுக்க கரண்ட் இல்ல" என்றார். ஏன் தெரியுமா? அந்த மாதிரி இணைப்பில், ஊர்க் கம்பியில் கரண்ட் நின்றால், தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஆளுக்கு அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், அது சரியான ஏற்பாடுதான். பற்றரி இல்லாவிட்டால் வெயிலும் வீண்.

தங்கச்சி அழத் தொடங்கிவிட்டாள். அப்போது வயல் பக்கம் இருந்து வந்த ஒரு வயதான அப்பு, "வாடிக்குக் கொண்டு வா மனே" என்றார். யானைக் காவலுக்கு வயலில் போட்ட குடிசைதான் வாடி, அதில் ஒரு சின்னத் தகடு, ஒரு பழைய லொறிப் பற்றரி, மகன் வாங்கிக் கொடுத்த சின்ன இன்வேட்டர் ஒன்று, இவ்வளவுதான். வரம்பு வழியே போய்ச் சேரும்போது பொழுது பட்டுவிட்டது. மெசினைக் கொழுவினார், ஓடியது. பத்து நிமிடம். பிள்ளையின் நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கியது. அப்பு தன் லைட்டை நிப்பாட்டிவிட்டு, பற்றரி குறையக்கூடாது என்று இருட்டில் குந்தியிருந்தார். அவர் இன்று எங்களோடு இல்லை. பகல் முழுக்க வெயிலைத் தூற்றி வைத்திருந்த மனிதர் அவர். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.

அன்றிலிருந்து நான் போகிற இடமெல்லாம் இதையே பேசுகிறேன்.

சூரிய மின்சாரம் நாட்டில் கூடிவிட்டது, சந்தோசம். திருகோணமலைச் சம்பூரில் நிலக்கரி நிலையம் வரவிருந்ததை 2016இல் கைவிட்டார்கள். அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரியத் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. ஆனால் அதே ஏப்ரலில், புத்தாண்டு லீவில் மின்பாவனை குறைவு என்பதால், கூரைத் தகடு வைத்திருப்பவர்கள் பகலில் மூன்று மணிவரை அணைத்து வையுங்கள் என்று கேட்கவேண்டி வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அன்றும் பாவனை குறைவு, வெயில் மின்சாரம் அதிகம். அதனால் அடிபட்ட வலையமைப்பால் தாங்க முடியவில்லை. பகலில் மிஞ்சுகிறது. மாலை ஆறரை தொடங்கிப் பத்தரை வரை, நாங்கள் சமைக்க, படிக்க, தொலைக்காட்சி பார்க்க இருக்கிற நேரத்தில் போதவில்லை, அப்போது நிலக்கரியும் டீசலும் எரிகிறது. நெல்லைத் தூற்றிவிட்டு, அதைச் சேர்த்து வைக்கப் பட்டறை இல்லை என்று மழையில் விடுவோமா?

இங்கினியாகலை அணையைப் பாருங்கள். சேனநாயக்க சமுத்திரத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வரும் வழியில் கரண்டும் தந்துவிட்டு வருகிறது. குளம் என்பதே சேமிப்புத்தான். குளம் கட்டிய ஆட்களுக்குப் பற்றரி புதிசாகத் தோன்றக்கூடாது.

காற்றாலையைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், மன்னாரில் 100 மெகாவாட்டுக்கு மேல் ஓடுகிறது, அப்புறம் ஒரு நாள் அதைப் பேசுகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நான் கேட்பது இதுதான். ஊருக்கு ஒரு பொதுக்கூரை, அதில் தகடு, கீழே பற்றரி, கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில். பணக்காரர் வீட்டுக்கு மட்டும் பில் குறைகிற வேலை எனக்கு வேண்டாம். கோயில், பள்ளிவாசல், பாடசாலை என்று எது தோதோ அது. ஒரு கிலோவாட் தகடு எங்கள் வெயிலுக்கு மாதம் 100 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். இழுப்புக்காரப் பிள்ளை ஒன்று ஓடிவந்தால் கதவைத் திறக்க ஒரு இடம் இருக்கவேண்டும்.

வண்ணக்கர் ஐயாமாரே, இந்த மண்டபத்தின் கூரை தெற்கே சாய்ந்திருக்கிறது, மேலே ஒரு மரத்து நிழலும் இல்லை, திருவிழாவும் கலியாணமும் தவிர்ந்த நாட்களில் வெயில் சும்மா காய்கிறது. போன கிழமை நானும் இரண்டு பெடியன்மாரும் ஏணி வைத்து அளந்து பார்த்தோம். அளவெல்லாம் எழுதிய கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது. இன்று காசு வேண்டாம், வெளியே போகும்போது சம்மதம் உள்ளவர்கள் பெயரை மட்டும் எழுதுங்கள். அதிபர் ஐயா கூட்டம் தொடங்க முதலே எழுதிவிட்டார்.