பஞ்சமி நிலம்: ஒரு புல எண்ணை எப்படித் தேடுவது?

தோழர்களே,

வெள்ளைக்காரர் காலத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு அரசு ஒப்படைத்ததுதான் பஞ்சமி நிலம். அது "பன்னிரண்டு லட்சம் ஏக்கர்" என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஒரு சென்ட் திரும்பி வராது. அதனால் இன்று ஒரே ஒரு புல எண்ணைத் தேடிப் போகும் வழியை மட்டும் பேசுகிறேன்.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதினார். அதன் தொடர்ச்சிதான், இந்த நிலத்தை ஒப்படைக்க வழிசெய்த 1892 செப்டம்பர் 30 அரசாணை. ஒப்படைத்த நிலத்தை முதல் 10 ஆண்டு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் நஷ்டஈடு இல்லாமல் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு கெட்டியான நிபந்தனை இருந்தும் நிலம் எப்படிப் போயிற்று? நேராகக் கிரயம் எழுதினால் இடிக்கும். ஆகவே கல்யாணக் கடனுக்குப் போக்கியம், பிறகு வெற்றுத்தாளில் கைரேகை, பிறகு பவர் (அதிகாரப் பத்திரம்). கடைசி அடி 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர்., அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம். அப்போது பழைய எண்கள் உட்பிரிவாக உடைந்தன. அனுபவத்தில் இருந்தவர் பெயர் பட்டாவில் ஏறியது. "டி.சி." (தாழ்த்தப்பட்ட வகுப்பு நிலம்) என்ற குறிப்பு பல இடங்களில் புதிய பதிவேட்டுக்கு வந்தே சேரவில்லை. "இது சாதாரணப் பட்டா நிலம்" என்று வி.ஏ.ஓ. சொன்னால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். அவருடைய கணினியில் அப்படித்தான் இருக்கும்.

எனவே பின்னோக்கிப் போக வேண்டும். முதலில், புல எண்வாரியாக கிராம நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டின் குறிப்புக் கலம். அடுத்து பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பதிவேடு. அதைக் கொண்டு யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடு. நம் பக்கத்தில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது 1965-இல். கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004-இல். ஊத்தங்கரை நிலம் ஒன்றுக்கு மூன்று மாவட்டப் பதிவறைகளைத் தட்ட வேண்டி வரலாம். முதல் கதவிலேயே "எங்களிடம் இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டிக் கேளுங்கள். "மாவட்டத்தில் பஞ்சமி நிலம் எவ்வளவு?" என்று கேட்டால் மழுப்பல்தான் வரும். கிராமம், புல எண், பதிவேட்டின் பெயர் மூன்றையும் எழுதி, சான்றிட்ட நகல் கேளுங்கள். ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால் மனுவை 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை, பிரிவு 6(3). 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு.

வாங்கிய நகலை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய நம் குடியிருப்புகள் சாதிக் கும்பலால் எரிந்தபோது, நகை பணத்தோடு சான்றிதழ்களும் சாம்பலாயின.

நகல் கைக்கு வந்தபின் தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் மனு. கூடவே காவல் நிலையம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. நமக்கு ஒப்படைத்த நிலத்தைப் பிறர் முறைகேடாகப் பிடித்து உழுவது அதில் குற்றம். விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. "சிவில் தகராறு, கோர்ட்டுக்குப் போ" என்பார்கள். புகாரில் ஒப்படைப்பு விவரமும், ஆக்கிரமித்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லர் என்பதும் தெளிவாக இருக்கட்டும். புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. வழக்குப் பதிய மறுத்தால், அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை நகலோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.