குட்டைப் பட்டாணிக்கு என்ன குறை?

நண்பர்களே, வணக்கம்.

ஒரு நெட்டைப் பட்டாணிச் செடியையும் ஒரு குட்டைச் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான் வரும். வித்தியாசம் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் இருக்கிறது. நெட்டையில் அந்த இடைவெளி விரல் நீளம் இருந்தால், குட்டையில் நகத்தளவுதான். குட்டைச் செடியில் இலை உண்டு, பூ உண்டு, காயும் உண்டு. தண்டு மட்டும் நீளவில்லை. ஏன் என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைக்க 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கிரிகோர் மெண்டலின் பெயரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பிர்னோ நகர மடத்துத் துறவி. பட்டாணிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பூ. அதனால் அவர் மொட்டு விரிவதற்கு முன்பே இதழைப் பிரித்து, மகரந்தம் உதிராத கேசரங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். அப்புறம் வேறொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவினார். இதை ஆயிரக்கணக்கான செடிகளோடு, எட்டு ஆண்டுகள் செய்தார். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

நெட்டையும் குட்டையும் கலந்தபோது பிறந்தவை எல்லாமே நெட்டை. அவற்றைத் தாமே கருவுற விட்டதும் குட்டை திரும்ப வந்தது. 1064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. நடுத்தர உயரம் என்று ஒரு கூட்டம் உருவாகவில்லை. ஆக, பெற்றோரின் பண்புகள் பாலும் தண்ணீரும் போலக் கலந்துவிடுவதில்லை. ஏதோ ஒரு ‘காரணி’ உடையாமல், கரையாமல் தலைமுறை தாண்டி வருகிறது. 1865-இல் அவர் இதைச் சொன்னார். 1900 வரை அதன் அருமை உலகத்துக்குப் புரியவில்லை.

சரி, அந்தக் காரணி என்ன செய்கிறது? மெண்டலுக்கு அதை அறிய வழியே இல்லை. விடையின் முதல் துண்டு வேறு ஒரு மூலையிலிருந்து வந்தது. நெற்பயிரில் ஒரு நோய் உண்டு. நாற்று மளமளவென்று ஒல்லியாக வளர்ந்து, நிற்க முடியாமல் சாய்ந்துவிடும். ஜப்பானியர் அதை ‘முட்டாள் நாற்று’ என்றார்கள். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே அந்த வளர்ச்சிக்குக் காரணம் என்று 1926-இல் குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி காட்டினார். 1930-களில் யபூட்டா என்ற இன்னொரு ஜப்பானிய விஞ்ஞானி அந்தப் பொருளுக்கு ஜிப்பரெல்லின் என்று பெயர் வைத்தார். பூஞ்சையின் சரக்கு என்று நினைத்த அதே பொருள் எல்லாச் செடிகளுக்குள்ளும் ஹார்மோனாக இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

1950-களில் குட்டைப் பட்டாணிக்கு ஜிப்பரெல்லின் கொடுத்துப் பார்த்தார்கள். மைக்ரோகிராம் கணக்கில் கொடுத்தாலே போதும், கணுக்களின் நடுவே தண்டு நீண்டு, குட்டைச் செடி நெட்டைக்கு நிகராக நின்றது. ஆனால் அந்தச் செடியின் விதையை முளைக்க வைத்தால் மறுபடியும் குட்டைதான். ஹார்மோன் தண்டை மாற்றியது, விதைக்குள் இருக்கும் எழுத்தைத் தொடவில்லை. மரபு என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன்.

1997-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே மெண்டலின் அந்த உயர மரபணுவைக் கண்டுபிடித்தன. அது ஒரு நொதியை, அதாவது செடிக்குள் வேதி மாற்றத்தை நடத்தும் ஒரு புரதத்தை, உருவாக்குவதற்கான குறிப்பு. வேலை செய்யாத ஜிப்பரெல்லினை, வேலை செய்யும் ஜிப்பரெல்லினாக மாற்றும் கடைசிப் படியை அந்த நொதி செய்கிறது. குட்டைச் செடியில் டிஎன்ஏவின் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் நொதியில் ஒரு அமினோ அமிலம் மாறி, வேலை மந்தமாகிவிட்டது. வேறுபாடு என்று நாம் சொல்வது இவ்வளவு சிறிய இடத்தில் தொடங்குகிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கலப்பில் வெளியே தெரியும் பண்பை ஓங்கு என்றும், தெரியாமல் மறையும் பண்பை ஒடுங்கு என்றும் படிக்கிறோம். ஒன்று மற்றொன்றை அடக்கி உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் மனதில் விழுந்துவிடுகிறது. பட்டாணியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. தாய்ச்செடியிடமிருந்து ஒன்று, தந்தைச்செடியிடமிருந்து ஒன்று என்று அந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் ஒரு செடியில் இருக்கும். கலப்புச் செடியில் ஒரு பிரதி நன்றாக வேலை செய்கிறது, மற்றது மந்தம். நல்ல பிரதி ஒன்று தரும் நொதியே செடிக்குப் போதும். அதனால் செடி நெட்டை.

குட்டை எல்லாமே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் ஹார்மோனுக்குப் பஞ்சமே இல்லை. சாதாரணமாக, செடியின் வளர்ச்சியைப் பிடித்து வைக்கும் ஒரு புரதம் உண்டு. அதுதான் பிரேக். ஜிப்பரெல்லின் வந்தால் அந்தப் புரதம் சிதைந்துபோகும், தண்டு நீளும். இந்தக் கோதுமையில் மாறியிருப்பது பிரேக். ஹார்மோன் வந்தாலும் விடாது. அதனால்தான் ஒரே ஒரு மாறிய பிரதி இருந்தாலும் உயரம் ஓரளவு குறைகிறது. பக்கத்தில் நல்ல பிரதி இருந்தும், இறுகிப்போன பிரேக்கை அதனால் விடுவிக்க முடியாது. பட்டாணியை நெட்டையாக்கிய அதே ஜிப்பரெல்லினை இந்தக் கோதுமை மேல் தெளித்தாலும், அது ஏறக்குறைய அப்படியேதான் நிற்கும்.