தொப்பி தொலைத்த கௌபாய்

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுன்சிலர் அவர்களே, எனக்கு ‘அ’ எழுதச் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா அவர்களே, மைக்கை மூன்று முறை சரிசெய்த தம்பி, இடமில்லாமல் நின்றபடி கேட்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் ஒரு புத்தகம் கொடுங்கள் என்று வருடா வருடம் சொல்கிறேன். வருடா வருடம் போர்த்துகிறார்கள். சரி.

அழைப்பிதழில் ‘கௌபாய் பொம்மைகள்’ என்று பார்த்துவிட்டு, அச்சுப்பிழையா என்று தலைவர் கேட்டார். இல்லை ஐயா. மூன்று விஷயம் பேசப்போகிறேன்: அந்தப் பொம்மைகளின் கதை, அவற்றில் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நடந்த அநியாயம், அப்புறம் நம் நூலகம். ‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்பதையும் வழக்கம்போல நடுவில் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் காமிக்ஸ்களில் கௌபாய்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கை காலை மடக்கிக் குதிரைமேல் உட்காரவைக்க நமக்கு ஒரு கௌபாய் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கிடைத்தான். பெயர் ஜானி வெஸ்ட். செய்தவர் லூயி மார்க்ஸ். காரல் மார்க்ஸ் இல்லை, தோழர்கள் கைதட்ட வேண்டாம். இவர் 1919இல் நியூயார்க்கில் கம்பெனி தொடங்கி, 1955இல் டைம் பத்திரிகையின் அட்டைப்படம் வரை போன பொம்மை வியாபாரி. 1964இல் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாயை இறக்கியது. அவனுக்குத் துணியில் சட்டை தைத்துப் போட்டார்கள். அடுத்த ஆண்டே மார்க்ஸ் தன் கௌபாயை இறக்கினார். சட்டையும் கால்சட்டையும் உடம்போடு சேர்த்தே பிளாஸ்டிக்கில் வார்த்தது, தையல்கூலி மிச்சம். உயரம் ஏறக்குறைய ஓர் அடி. தொப்பி, துப்பாக்கி, இடுப்புப் பட்டை, பூட்ஸில் மாட்டும் முள் எல்லாம் மெத்தென்ற வினைலில், தனித்தனியாக.

அந்தத் தனித்தனியில்தான் வம்பு.

அமெரிக்காவில், பிட்ஸ்பர்க்கில் மகள் வீட்டில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனேன். ஒரு கடையில் பிஸ்கட் டின் நிறைய அரை விரல் நீளத்தில் பழுப்புச் சாமான்கள். என் வயதுக்காரர் ஒருவர் டின்னுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார், நம் வீட்டில் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. என்ன தேடுகிறீர்கள் என்றேன். தோள்பைக்குள்ளிருந்து ஜானி வெஸ்ட்டை எடுத்துக் காட்டினார். தலையில் தொப்பி இல்லை. எட்டு வயதில் கிறிஸ்துமஸுக்கு வந்த பொம்மையாம். தொப்பியை அம்மாவின் வேக்குவம் கிளீனர் விழுங்கிவிட்டதாம். ‘குப்பைப் பையைக் கிழித்துத் தேடினேன், தூசிதான் இருந்தது’ என்றார், நேற்று நடந்ததுபோல. நானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டேன். முக்கால் மணி நேரம்! மகள் காரில் ஹாரன் அடிக்கிறாள். கடைசியில் என் கையில்தான் அகப்பட்டது, விளிம்பு லேசாக மடங்கிய தொப்பி. கடைக்காரர் 12 டாலர் என்றார். விடுவேனா? கொத்தவால்சாவடியில் பழகிய வாய். தெரிந்த இங்கிலீஷில் பேசிப்பேசி 7க்குக் கொண்டுவந்தேன். அவர் தொப்பியை மாட்டி, ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டிச் சரிசெய்தார். பேசவே இல்லை. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று தமிழிலேயே சொன்னேன். தலையாட்டினார்!

அந்தப் பொம்மைகள் வார்க்கப்பட்ட கிளென் டேல் ஆலை, மேற்கு வர்ஜீனியாவில், பிட்ஸ்பர்க்கிலிருந்து காரில் போகிற தூரம்தான். மார்க்ஸ் 1972இல் கம்பெனியை ஓட்ஸ் விற்கும் குவேக்கருக்கு விற்றார். பிறகு ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்குக் கைமாறி, 1980இல் எல்லாம் முடிந்தது. பக்கத்து ஊர் மவுண்ட்ஸ்வில்லில் மார்க்ஸ் பொம்மைகளுக்கென்று ஒரு மியூசியம் இருந்தது. அதையும் 2016இல் மூடிவிட்டார்கள்.

இரண்டாவது விஷயம் பெரியது. பூர்வகுடிப் பொம்மைக்கு, அமெரிக்காவின் தென்கிழக்கு நாட்டுப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் பெயரை வைத்து, வேறு பூர்வகுடிகளான சமவெளிக்காரர்களின் இறகுக் கிரீடத்தை மாட்டி விற்றார்கள். இன்னும் நிறைய இருக்கிறது; செயலாளர் கடிகாரத்தைக் காட்டுவதால் அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன்.

மூன்றாவதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். இந்த நூலகத்தின் மாடியில், உடைந்த நாற்காலிகள் கிடக்கும் அறையை ஒரு பொம்மை அறையாக்குங்கள். கவுன்சிலர் அவர்களே, சிரிக்காதீர்கள், இது மூன்றாவது மனு. மரப்பாச்சி, சொப்பு, தஞ்சாவூர்த் தலையாட்டி, சாவி கொடுத்தால் ஓடும் தகரக் கார் எல்லாம் பரணில் கிடக்கின்றன. கை போனதும் கால் போனதுமாகக் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் எடுத்துப்போய் விளையாடித் திருப்பித் தரட்டும். ஒட்டிக்கொடுக்க நான் இருக்கிறேன், பெவிகால் என் செலவு. தனியாகக் கழன்ற சக்கரத்தையும் எறியாதீர்கள். சிறு துரும்பும்... நீங்களே முடித்துவிட்டீர்கள், நன்றி.

வாசலில் ஒரு காலி பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில்தான் டீயும் வடையும். வணக்கம்.