காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல்வயல் மீத்தேனைக் குறைக்கும் துளைக் குழாய்

[காட்சி: நீர் நிற்கும் நெல்வயல். சேற்றில் ஒரு கால் இறங்குகிறது. காலைச் சுற்றிக் குமிழிகள்.]

நீர் நிற்கும் நெல்வயலில் கால் வைத்தவுடன் குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பும். அந்தக் குமிழிகளில் மீத்தேன் இருக்கிறது. மனிதச் செயல்களால் காற்றில் சேரும் மீத்தேனில் ஏறக்குறைய 8 முதல் 10 சதவீதம் நெல்வயல்களில் இருந்து வருகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் 1 கிலோ மீத்தேன், 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆனால் அது காற்றில் தங்குவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே கிடைக்கும்.

[காட்சி: மண்ணின் குறுக்குவெட்டு வரைபடம்.]

வயலில் நீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்று போவது நின்றுவிடும். மிச்சமிருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிரிகள் சீக்கிரமே தீர்த்துவிடும். பிறகு நைட்ரேட்டை வைத்து மூச்சு விடும். அதுவும் தீர்ந்தால் மாங்கனீசு, அடுத்து இரும்பு, அடுத்து சல்ஃபேட். இந்த வரிசை ஓய்ந்த பிறகுதான் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் முழுவீச்சில் வேலையைத் தொடங்கும். உண்டான மீத்தேனில் பெரும்பகுதி வெளியேறுவது பயிர் வழியாகத்தான். வேருக்குக் காற்று கொண்டுபோகத் தண்டுக்குள் இருக்கும் அதே காற்றறைகள், மீத்தேனுக்குப் புகைபோக்கி ஆகிவிடுகின்றன.

இப்போது சில நாட்கள் நீரை வற்றவிடுங்கள். மண்ணுக்குள் காற்று புகும், இரும்பு மறுபடி துருவாகும். திரும்ப நீர் கட்டினாலும் அந்தத் துருவைச் செலவழித்த பிறகுதான் மீத்தேன் உற்பத்தி பழைய வேகத்துக்கு வரும். அதனால் மூன்று நாள் வயலைக் காயவிட்ட பலன் அந்த மூன்று நாளோடு முடிந்துவிடாது. வயலைக் காயவிட்டு, பிறகு பாய்ச்சும் இந்தக் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறைக்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இதுதான்.

[காட்சி: அறுவடை முடிந்த வயலில் தாள்.]

எதுவரை காயவிடலாம், எப்போது பாய்ச்சலாம் என்று காட்டத் துளைக் குழாய் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசும் முன் வைக்கோல். பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. ஹெக்டேருக்கு 5 டன் காய்ந்த வைக்கோலை நீர் கட்டுவதற்கு முந்தைய 30 நாளுக்குள் மடக்கி உழுதால், ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) 2019 வழிகாட்டியின் சூத்திரப்படி மீத்தேன் 2.9 மடங்காகிறது. அதே 5 டன்னை 30 நாளுக்கு மேல் முன்கூட்டியே, வயல் காய்ந்திருக்கும்போது உழுதுவிட்டால் 1.5 மடங்கோடு நிற்கிறது. மட்காத வைக்கோல் மீத்தேன் நுண்ணுயிரிகளுக்குத் தயாரான தீனி. காற்றோட்டமான மண்ணில் மட்கவிட்டால் அந்தத் தீனி முன்பே கரைந்துபோகும். அதற்காக எரித்துவிட வேண்டாம். புகையோடு மண்ணுக்கு வேண்டிய கரிமமும் போய்விடும்.

[காட்சி: துளையிட்ட பிவிசி குழாய், அருகில் அளவுகோல்.]

குழாய்க்கு வருவோம். நீளம் 30 செ.மீ., விட்டம் 10 முதல் 20 செ.மீ. கீழ்ப்பகுதி 20 செ.மீ.க்கு எல்லாப் பக்கமும் அரை செ.மீ. துளைகள், 2 செ.மீ. இடைவெளியில். பிவிசிதான் வேண்டும் என்றில்லை, மூங்கிலோ பெரிய பிளாஸ்டிக் பாட்டிலோ போதும். துளையிட்ட 20 செ.மீ. மண்ணுக்குள், மீதி 10 செ.மீ. வெளியே இருக்கும்படி இறக்குங்கள். உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை கையால் அள்ளி எடுத்துவிடுங்கள். வரப்பை ஒட்டி வைக்கக் கூடாது, குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மேட்டிலும் வேண்டாம், பள்ளத்திலும் வேண்டாம்.

வைத்தவுடன் ஒரு சோதனை. வயலில் நீர் நிற்கும்போது குழாய்க்குள்ளும் வெளியிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். சில மணி நேரம் கழித்தும் வேறுபட்டால் துளைகள் சேற்றால் அடைத்திருக்கின்றன. பிடுங்கி, கழுவி, மறுபடி இறக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அந்தப் பருவம் முழுக்க உங்கள் குழாய் பொய்தான் சொல்லும்.

அளப்பது எளிது. குழாயின் மேல் விளிம்பிலிருந்து நீர்வரை அளவுகோலை விடுங்கள். விளிம்பு மண்ணிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருந்தால்:

[திரையில் எழுத்து: 5 செ.மீ. = வயலில் 5 செ.மீ. நீர். 10 செ.மீ. = நீர் மண்மட்டத்தில். 25 செ.மீ. = நீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. பாய்ச்சுங்கள்!]

மேலே மண் காய்ந்து மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும், மனம் பதறும். வேர்கள் இன்னும் ஈரத்தில்தான் இருக்கின்றன. 25 வரை பொறுங்கள், பிறகு 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டுங்கள். அந்த எல்லையைத் தாண்டவும் வேண்டாம். 56 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், 15 செ.மீ. எல்லைக்குள் நின்ற மிதமான காய்ச்சலில் மகசூல் குறிப்பிடும்படி குறையவில்லை. அதைவிடக் கடுமையாகக் காயவிட்ட வயல்களில் சராசரியாக 22 சதவீதத்துக்கு மேல் விழுந்துவிட்டது. மிதமான காய்ச்சலில் கூட நீரில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சமாகிறது. மழை பொய்க்கும் ஆண்டில் அந்தக் கால்பங்குதான் பயிரைக் காப்பாற்றும்.

எப்போது தொடங்குவது? நட்ட ஒன்றிரண்டு வாரம் கழித்து. களை அதிகமென்றால் மூன்றாம் வாரம் வரை நீர் நிற்கட்டும். களையை அடக்க நீரைவிட மலிவான மருந்து இல்லை.

[காட்சி: காய்ந்த வயலில் யூரியா தூவுகிறார்கள். பின்னால் மடை திறக்கிறது.]

அடுத்தது உரம். இங்கேதான் ஆய்வாளர்களுக்கும் கவலை. மண் காயும்போது அமோனியம் நைட்ரேட் ஆகும். நீர் வந்ததும் அந்த நைட்ரேட் சிதைந்து, ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் பறக்கும். அந்த வாயு கிலோவுக்கு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அப்படியானால் மீத்தேனில் சேமித்ததை இது தின்றுவிடாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஐபிசிசியின் உலகச் சராசரிப்படி, எப்போதும் நீர் நிற்கும் வயலில் ஹெக்டேருக்கு ஒரு நாளில் 1.19 கிலோ மீத்தேன். 100 நாள் பயிருக்கு 119 கிலோ. பலமுறை வடித்துக் காயவைத்தால் இது 0.55 மடங்காகும், அதாவது 53 கிலோவுக்கு மேல் குறையும். 27-ஆல் பெருக்கினால் சுமார் 1,450 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மறுபக்கம், 100 கிலோ தழைச்சத்து இட்ட வயலில் கூடுதலாக வரும் நைட்ரஸ் ஆக்சைடு 0.31 கிலோ. 273-ஆல் பெருக்கினால் சுமார் 86 கிலோ. வரவு எங்கே, செலவு எங்கே! ஆனால் இது சராசரி. தேவைக்கு மேல் யூரியாவைக் கொட்டிவிட்டு ஒரு வாரம் காயப்போட்டால் இந்த வித்தியாசம் சுருங்கும். எனவே மேலுரத்தைக் காய்ந்த மண்ணில் தூவி, உடனே நீர் பாய்ச்சுங்கள். சத்தை நீர் வேர்வரை இறக்கிவிடும்.

[காட்சி: வயலில் ஒளிபுகும் பெட்டி, பலகைப் பாதை.]

இந்த எண்கள் வயலிலேயே அளந்து கிடைத்தவை. மண்ணில் முன்கூட்டியே பதித்த அடிச்சட்டத்தின் மேல் பயிரோடு சேர்த்துப் பெட்டியைக் கவிழ்த்து, 0, 10, 20, 30 நிமிடங்களில் ஊசியால் காற்றை உறிஞ்சி, ஆய்வகத்தில் பகுப்பார்கள். நேரத்தோடு அளவு நேர்கோடாக ஏற வேண்டும். நடுவில் ஒரு புள்ளி துள்ளினால் யாரோ பக்கத்துச் சேற்றை மிதித்திருக்கிறார்கள். முதலில் பார்த்த அதே குமிழிகள். அதனால்தான் பலகைப் பாதை போடுகிறார்கள்.

[காட்சி: பூத்த கதிர், மிக அருகில்.]

பூக்கும் தருணத்தில் மட்டும் காய்ச்சல் கூடாது. ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் 5 செ.மீ. நீர் நிற்கட்டும். நெல் பூ திறந்திருப்பது பகலில் ஒன்றிரண்டு மணி நேரம்தான். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, மணி பதராகிவிடும். தாராளமாக நீர் குடிக்கும் பயிர் இலை வழியே நீராவி விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வெயில் ஆண்டுக்கு ஆண்டு ஏறும் காலத்தில் இந்தப் பதினைந்து நாளில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எல்லா வயலுக்கும் இது ஒத்துவராது. தொடர்மழையில் வடியாத தாழ்நிலத்தில் குழாய் வைத்துப் பயனில்லை, நீர் இறங்கவே இறங்காது. உவர் நிலத்தில் காயவிட்டால் உப்பு வேரருகே திரளும். மேடுபள்ளமான வயலில் மேடு கருகும்போது பள்ளத்தில் குட்டை நிற்கும். முதலில் பரம்படித்துச் சமப்படுத்துங்கள். கனத்த களிமண்ணில் வெடிப்பு ஆழமாக ஓடிவிட்டால் பாய்ச்சும் நீர் அதன் வழியே நேராகக் கீழே போய்விடும். அத்தகைய மண்ணில் நீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்வரை காத்திருக்காமல் 10 செ.மீ. இறங்கியதுமே பாய்ச்சலாம். நிலத்தடி நீரில் ஆர்சனிக் உள்ள பகுதிகளில் காயவைத்தால் அரிசியில் ஆர்சனிக் குறையும். ஆனால் காட்மியம் கூடக்கூடும். அங்கே அரிசியைச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

[காட்சி: பொன்னிறக் கதிர்கள். ஒரு கை குழாயைப் பிடுங்குகிறது.]

பூப்பு முடிந்ததும் மறுபடி 25 செ.மீ. கணக்குக்குத் திரும்புங்கள். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு நீரை வடித்துவிடுங்கள். இயந்திரம் இறங்குவதற்குள் குழாயைப் பிடுங்கி, துளைகளில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் தள்ளிக் கழுவி, நிழலில் வையுங்கள். நாள்பட வெயிலில் கிடந்தால் பிவிசி நொறுங்கத் தொடங்கும்.