"கேள்" என்று தொடங்கும் சுழற்சி

(காட்சி: அரையிருளில் ஒரு மரத்தளம். அதன் ஒரு முனையில் செந்நிற ஆட்டுத்தோல் விரிக்கப்பட்டிருக்கிறது.)

பாரசீக சூஃபிக் கவிஞர் மவ்லானா ஜலாலுத்தீன் ரூமியின் பெருங்காவியமான மஸ்னவி, "பிஷ்னவ்" என்ற பாரசீகச் சொல்லோடு தொடங்குகிறது. "கேள்" என்பது அதன் பொருள். தமிழில் கேள் என்றால் செவிகொடு என்றும் வினவு என்றும் இரு பொருள்படும். பாரசீகச் சொல்லோ செவிகொடுப்பதை மட்டுமே குறிக்கிறது. வெண்ணிற அங்கி விரியச் சுழலும் தர்வேஷ்களை, அதாவது சூஃபி அடியார்களை, படங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய வழிபாட்டின் பெயர் சமா. அந்த அரபுச் சொல்லுக்கும் கேட்டல் என்றே பொருள். நடனம் என்ற பொருள் அதன் வேரில் இல்லை. காதில் விழுந்த கவிதை எவ்வாறு உடலின் சுழற்சியாக மாறியது என்பதை இந்தக் காணொளியில் பார்ப்போம்.

(காட்சி: கொன்யா நகரின் பச்சைக் குவிமாடம்.)

1207-ஆம் ஆண்டு, இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் வட்டாரத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்த ரூமி, பெற்றோருடன் மேற்கே நெடும்பயணம் செய்து, இன்றைய துருக்கியில் உள்ள கொன்யாவில் நிலைகொண்டார். மார்க்க அறிஞராக மதிக்கப்பட்ட அவரை, 1244-இல் அங்கு வந்து சேர்ந்த ஷம்சுத் தப்ரீஸி என்ற நாடோடி ஞானி முற்றிலும் மாற்றினார். ஷம்ஸ் மறைந்துபோன பிறகு, அந்தப் பிரிவே ரூமியின் கவிதைக்கு ஊற்றாயிற்று. பொற்கொல்லர் ஸலாஹுத்தீனின் பட்டறையில் எழுந்த சுத்தியல் ஓசையைக் கேட்டு, கடைத்தெருவிலேயே ரூமி சுழலத் தொடங்கினார் என்று மரபு சொல்கிறது. அந்தக் கதையிலும் ஓசைதான் முந்துகிறது, கால்கள் அதன் பின்னாலேயே வருகின்றன.

(காட்சி: ஒரு கை, நாணல் குழலை மெல்லத் திருப்புகிறது.)

மஸ்னவியின் முதல் ஈரடியில் நம்மைக் கேட்கச் சொல்வது எதை? ஒரு நாணலின் முறையீட்டை. நாணற்காட்டிலிருந்து வெட்டப்பட்ட நாள் முதல் தன் பிறப்பிடத்தை எண்ணிப் புலம்புவதாக அது பேசுகிறது. இறைவனைப் பிரிந்த உயிரின் ஏக்கமே அந்தப் புலம்பல் என்று ரூமியின் வழிவந்த தர்வேஷ்களான மெவ்லவிகள் பொருள் கொள்கிறார்கள். எனவே அவர்களுடைய இசையில் நேய் என்னும் நாணல் குழலுக்கே முதலிடம். ஒன்பது கணுக்கள் கொண்ட நாணலைத் தேர்ந்து, உள்ளே அடைபட்ட கணுக்களைத் துளைத்து நீக்கி, முன்புறம் ஆறும் பின்புறம் ஒன்றுமாகத் துளையிடுகிறார்கள். குழலின் உள்ளே எதுவும் மிஞ்சியிருந்தால் மூச்சு ஓடாது. மெவ்லவிகள் நேயை மனிதனின் உருவகமாகக் கொள்வதற்கு இந்தச் செய்முறையை விடச் சிறந்த விளக்கம் தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரூமி 1273 டிசம்பர் 17 அன்று காலமானார். அந்த இரவை அவருடைய வழிவந்தோர் துக்க நாளாகக் கொள்ளாமல் "ஷெபி அரூஸ்", அதாவது மணநாள் இரவு, என்று அழைக்கிறார்கள். அவருக்குப் பின், மகன் சுல்தான் வலத் காலத்திலும் அடுத்த தலைமுறைகளிலும், உணர்ச்சிப் பெருக்கில் எழுந்த சுழற்சி ஒழுங்குபடுத்தப்பட்ட சடங்காக உருப்பெற்றது.

(காட்சி: பெரிய அடுப்புகள் கொண்ட பழைய சமையற்கூடம்.)

அந்த ஒழுங்கைக் கற்பித்த இடம் சமையற்கூடம். தர்வேஷ் மடத்தில் சேர வந்த இளைஞன் முதலில் சமையற்கூட வாயிலருகே ஒரு தோல் விரிப்பில் மூன்று நாள் பேசாமல் அமர்ந்து, அங்கே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் உறுதி குலையாதவனுக்கு 1001 நாள் ஊழியம் காத்திருந்தது. பாத்திரம் கழுவுவதும் கடைக்குச் சென்று வருவதும் அதில் அடங்கின. சுழலும் பயிற்சியும் அங்கேதான். சதுரப் பலகை ஒன்றின் நடுவில் அடித்த ஆணியை இடக்கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, கால் வழுக்கிச் சுழல ஏதுவாகப் பலகையில் உப்பைத் தூவி, இடப்புறமாகத் திரும்பிப் பழகினார்கள். இடக்காலுக்குத் தூண் என்று பெயர், வலக்காலுக்குச் சக்கரம் என்று பெயர். பரவசத்தைப் பேசும் கவிதைக்கு இத்தனை கண்டிப்பான பள்ளிக்கூடமா என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

(காட்சி: கறுப்பு மேலங்கி அணிந்தவர்கள் வரிசையாக நுழைகிறார்கள்.)

இப்போது சடங்கைப் பார்ப்போம். ஒட்டக ரோமத்தால் ஆன உயரத் தொப்பி, ஆணவத்தின் கல்லறைக்கல். வெள்ளை அங்கி, ஆணவத்தின் சடலத்தைப் போர்த்தும் கஃபன் துணி. கறுப்பு மேலங்கி கல்லறை. முதலில் இசைக்கருவி எதுவுமின்றி, நபியைப் போற்றும் பாரசீகக் கவிதை ஒன்று ஒற்றைக் குரலில் பாடப்படுகிறது. அதற்கு இசையமைத்தவர் 1712-இல் மறைந்த உஸ்மானிய இசைக்கலைஞர் இத்ரி. அடுத்துக் குதூம் என்னும் சிறு முரசு இணை அதிர்கிறது. "ஆகுக" என்ற இறைக்கட்டளையின் ஓசையாக அதைக் கொள்கிறார்கள். பின்பு நேய் தனித்து ஒலிக்கிறது. ஒருவருக்கொருவர் தலைவணங்கியபடி அரங்கை மூன்று முறை சுற்றி வந்த பிறகே, மேலங்கியைக் களைந்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டியபடி அவர்கள் சுழலத் தொடங்குகிறார்கள். கைகள் மெல்ல விரிகின்றன. வலது உள்ளங்கை வானத்தை நோக்கியும் இடது உள்ளங்கை மண்ணை நோக்கியும் திரும்புகின்றன. மேலிருந்து பெறுவதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே கொடுத்துவிடுவதன் அடையாளம் அது.

சுழற்சி, ஸலாம் எனப்படும் நான்கு பகுதிகளாக நடைபெறுகிறது. அவற்றுக்கான இசைக்கோவைக்கு ஆயின் என்று பெயர். பெரும்பாலும் ரூமியின் பாரசீக வரிகளே அதில் பாடப்படுகின்றன. இரண்டாம் ஸலாம் ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில் நிதானமாகச் செல்லும். மூன்றாவதோ 28 எண்ணிக்கையில் தொடங்கி, ஆறு எண்ணிக்கைக்குச் சுருங்கி, மேன்மேலும் விரைவுபெறும். நான்காவதில் மீண்டும் ஒன்பது. அதில் தலைவரான ஷேக்கும் ஆட்டுத்தோலை விட்டு எழுந்து வந்து சுழல்கிறார். 1846-இல் மறைந்த, இஸ்தான்புல்லைச் சேர்ந்த ஹம்மாமிஸாதே இஸ்மாயில் தெதே இத்தகைய ஆயின்கள் பலவற்றை இயற்றினார். உஸ்மானிய சுல்தான் மூன்றாம் செலீமும் ஒன்றை இயற்றியுள்ளார்.

(காட்சி: பொன் வேலைப்பாடு மிக்க ஏட்டுப் பக்கம்.)

கேட்டது கண்ணுக்குரிய கலையாகவும் மாறியது. தர்வேஷின் தொப்பி வடிவத்திலேயே ரூமியின் பெயரைத் தீட்டும் எழுத்துக்கலை இதற்கு நல்ல சான்று. அவர் மறைந்து ஐந்தே ஆண்டுகளில், 1278-இல், படியெடுக்கப்பட்ட மஸ்னவி ஏடு கொன்யாவில் இருக்கிறது. அதைப் பொன்னால் அணிசெய்த கலைஞர் தம் பெயரை முக்லிஸ் இப்னு அப்துல்லாஹ் அல்ஹிந்தி என்று பொறித்திருக்கிறார். இந்தியர் எனப் பொருள்படும் "ஹிந்தி" என்ற அந்த ஒட்டுப்பெயர் நம் பக்கத்து வாசகரைச் சற்றே நிறுத்திவிடும்.

துருக்கிக் குடியரசு 1925-இல் தர்வேஷ் மடங்களை எல்லாம் சட்டப்படி மூடியது. கொன்யா மடம் 1927-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1953 முதல் டிசம்பர் நினைவு நாள்களில் சமா பொதுமக்கள் முன் மீண்டும் நிகழ்ந்தது. 2008-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று சுற்றுலாப் பயணிகளின் இரவு உணவுக்கு நடுவேயும் சுழற்சி நடக்கிறது. அங்கே பார்ப்பதற்குக் குறைவில்லை, கேட்பதற்கு இடம் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

(காட்சி: சுழற்சி நின்றுவிட்டது. அங்கிகள் மெல்லப் படிகின்றன.)

நான்காம் ஸலாம் முடிந்ததும் நேய் மீண்டும் தனியாக ஒலிக்கிறது. குர்ஆன் ஓதப்படுகிறது. கிழக்கும் மேற்கும் அல்லாஹ்வுக்கே உரியவை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் திருமுகம் அங்கே உண்டு என்னும் வசனம், எல்லாத் திசைக்கும் முகம் காட்டிச் சுழன்றவர்களின் காதில் விழுகிறது. இறுதியில் அனைவரும், "அவன்" என்று இறைவனைக் குறிக்கும் "ஹூ" என்ற சொல்லை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வந்த வரிசையிலேயே வெளியேறுகிறார்கள்.